தோற்ற ஆட்டத்தை விட்டு எழுந்திருங்கள்: கார்டு போட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரேடிங் கார்டு போட்டிகளில் புதியவர்கள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்க்கும்போதெல்லாம், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன. டெக் (ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டு) பட்டியலைத் தப்பாக எழுதுவது, தாமதமாக மேசைக்கு வருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை தண்டனை வாங்கினால் அவை தாமாகச் சரியாகிவிடும். தண்டனையே வராமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரைப் பின்னுக்கு இழுக்கும் தவறுகள்தான் ஆபத்தானவை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் 1993-இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் விளையாட்டின் போட்டி விதிகளிலிருந்து. போக்கிமான், யு-கி-ஓ ஆடுபவர்கள் நேரக் கணக்கைத் தங்கள் விதிகளில் பார்த்துக்கொள்ளவும்.

தோற்ற முதல் ஆட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவது

இத்தனை காலம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கணக்கு எளியது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவருக்கு மேட்ச். ஒரு சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிடம். கார்டுகளைக் கலைப்பதும், சைடுபோர்டு (ஆட்டங்களுக்கு இடையே டெக்கில் மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகள்) மாற்றுவதும் போக, ஓர் ஆட்டத்துக்கு 15 நிமிடம் கிடைத்தால் பெரிது. நேரம் முடிந்துவிட்டால், நடந்துகொண்டிருக்கும் டர்ன் (ஒருவர் ஆடும் முறை) முடிந்தபின் இருவருக்கும் சேர்த்து ஐந்து டர்ன்கள் மட்டுமே. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. தோற்றாலும் வெளியேறாமல், ஏறக்குறைய தன் அளவு புள்ளி உள்ளவரோடு அடுத்த சுற்றில் ஆடும் ஸ்விஸ் முறையில் மேலே போக வேண்டியவருக்கு டிராவும் பாதித் தோல்விக்கு மேல்தான்.

அண்மையில் ஓர் இளைஞனின் மேட்ச்சைப் பார்த்தேன். நன்றாக ஆடக்கூடியவன். முதல் ஆட்டத்தில் அவனிடம் 2 உயிர்ப்புள்ளி, கையில் ஒரு கார்டும் இல்லை. எதிரே நான்கு கிரீச்சர்களும் (தாக்கும் உயிரினக் கார்டுகள்), எதிராளியின் கையில் மூன்று கார்டுகளும். அந்த நிலையில் ஒவ்வொரு டர்னிலும் ஒரு கார்டை எடுத்து, அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தோற்று முடித்தபோது 30 நிமிடம் கடந்திருந்தது. இரண்டாம் ஆட்டத்தை விரைந்து ஆடி வென்றான். மூன்றாவதில் மேசை முழுக்க அவன் வசம். இன்னும் ஒரு தாக்குதல் போதும் என்ற நிலையில் ஐந்தாவது டர்ன் முடிந்தது. டிரா. எழுந்து வந்து, "எனக்கு நேரம் போதவில்லை" என்றான். முதல் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முதல் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருப்பவருக்குத்தான் கடிகாரம் பகை. வென்றவருக்கு அந்தக் கவலையில்லை; இரண்டாம் ஆட்டம் முடியாமல் நின்றாலும் 1-0 என்று மேட்ச் அவருடையது. தோற்ற உங்களுக்கு வேண்டியது இனி இரண்டு முழு ஆட்டங்கள். அதற்கான நிமிடங்களைத்தான், உயிர் போன ஆட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிச் செலவழிக்கிறீர்கள்.

எப்போது விட்டுக்கொடுப்பது? "எந்தக் கார்டு வந்தால் இது திரும்பும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கார்டு என்றால் ஆடலாம். குறிப்பிட்ட இரண்டு கார்டுகள் அடுத்தடுத்து வரவேண்டும், அதற்குள் எதிராளி ஒன்றும் செய்யாமல் இருக்கவும் வேண்டும் என்றால், கார்டுகளைச் சேர்த்து எடுத்துவிடுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: உங்கள் டெக்கில் என்னென்ன இருக்கிறது என்பதை எதிராளி முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. எதிராளியின் டெக் என்னவென்றே பிடிபடவில்லை என்றால், ஓரிரு டர்ன் கூடுதலாக ஆடிப் பார்ப்பது சைடுபோர்டு மாற்ற உதவும். 40 நிமிடம் மீதமிருந்தால் அவசரமே இல்லை. மூன்றாம் ஆட்டத்தில் நேரம் முடியப்போகிறது என்றால் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அங்கே தாக்குப்பிடித்தாலே ஒரு புள்ளி.

யோசனையைத் தவறான இடத்தில் வைப்பது

உங்கள் டர்ன் வந்தபிறகு யோசிக்கத் தொடங்குபவர்கள் எப்போதும் நேரத்துக்குத் திண்டாடுவார்கள். எதிராளி ஆடும்போதே உங்கள் அடுத்த டர்ன் பாதி முடிவாகியிருக்க வேண்டும். எடுத்த கார்டு நிலவரத்தை மாற்றவில்லை என்றால் பழைய முடிவையே செயல்படுத்துங்கள். முதல் இரண்டு மூன்று லேண்டுகளை (மற்ற கார்டுகளை ஆடச் சக்தி தரும் நிலக் கார்டுகள்) எந்த வரிசையில் போடுவது என்பதை வீட்டிலேயே பழகிவிடலாம். சைடுபோர்டு திட்டத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஆட்டங்களுக்கு இடையே சொந்தக் குறிப்புகளைப் பார்க்க மேஜிக் விதிகள் அனுமதிக்கின்றன. ஆட்டத்தின் நடுவேதான் கூடாது. இந்த வசதி இருந்தும் பதினைந்து கார்டுகளை மேசையில் பரப்பிவைத்து முழிப்பவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன்.

இணையத்தில் மேஜிக் ஆன்லைன் ஆடிப் பழகியவர்கள் இங்கே மேலும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஆளுக்கு 25 நிமிடம் தனிக் கடிகாரம் ஓடுகிறது. மேசையில் இருப்பதோ ஒரே கடிகாரம். ஒருவர் தின்னும் நேரம் இருவருக்கும் குறைகிறது.

எதிராளியின் மெதுவான ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்வது

பொறுமை இங்கே நற்பண்பு ஆகாது. மெதுவாக ஆடுவது, வேண்டுமென்று செய்யாவிட்டாலும் விதிமீறல்தான். எனவே நடுவரை அழைப்பது எதிராளியை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதாகாது. "எங்கள் மேட்ச்சின் வேகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்றாலே போதும். முதல் தடவை எச்சரிக்கையோடு போகும், தொடர்ந்தால் தண்டனை ஏறும். 20-ஆவது நிமிடத்தில் அழையுங்கள். 48-ஆவது நிமிடத்தில் அழைத்தால் போன நேரம் திரும்பாது.

வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துவது வேறு வகை, அதற்குத் தகுதிநீக்கம். 1-0 என்று முன்னிலை பெற்றதும் திடீரென்று ஆழ்ந்து யோசிக்கத் தொடங்குபவர்களை நடுவர்கள் நன்றாகவே அறிவார்கள். நீங்கள் முன்னிலையில் இருந்தாலும் அதே வேகத்தில் ஆடுங்கள்.

விதிச் சந்தேகத்தை எதிராளியிடம் கேட்பது

நடுவரைக் கேளுங்கள். விசாரணை ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கூடுதல் நேரம் கொடுப்பார். தீர்ப்பில் ஐயம் இருந்தால் தலைமை நடுவரிடம் முறையிடலாம். அவர் சொல்வதே முடிவு.

உங்கள் டிரிகரை (ஒரு நிகழ்வு நடந்ததும் தானாகக் கிளம்பும் கார்டு விளைவு) எதிராளி நினைவூட்டுவார் என்று நம்புவது

மாட்டார். போட்டி நிலை ஆட்டத்தில் அந்தக் கடமை அவருக்கு இல்லை.

டிராவில் நிற்கும்போது பேரம் பேசுவது

"நீங்கள் விட்டுக்கொடுத்தால் பரிசில் பங்கு தருகிறேன்" என்று சொல்வது லஞ்சம். பகடை உருட்டி வெற்றியைத் தீர்மானிக்கலாம் என்று முன்மொழிவதும் குற்றம். இரண்டிலும் தண்டனை போட்டியை விட்டே வெளியேற்றும் அளவுக்குப் போகலாம். யார் வேண்டுமானாலும் தானாக விட்டுக்கொடுக்கலாம், கைம்மாறு கேட்கத்தான் கூடாது. அப்படி யாரும் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் டிரா என்று பதிவுசெய்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுங்கள்.