‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்றால் என்ன: உணவு ஒவ்வாமையும் கைமருந்தும்

கருணைக்கிழங்கு தின்று நாக்கு அரித்தாலும், பால் குடித்து வயிறு பொருமினாலும், இறால் தொக்கு உண்ட பத்தாம் நிமிடத்தில் உதடு வீங்கினாலும், நம் வீடுகளில் மூன்றுக்கும் ஒரே சொல்தான்: ‘உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை’. பேச்சுக்கு அது போதும். ஆனால் இம்மூன்றும் உடலில் நிகழும் விதம் வேறு, செய்ய வேண்டியது வேறு, அபாயத்தின் அளவும் வேறு. ஆகவே தமக்கு ஒவ்வாமை இருக்குமோ என்று ஐயுறுபவர், மருந்து தேடும் முன்பு, தமக்கு நேர்வது இவற்றுள் எது என்று பிரித்து அறிய வேண்டும்.

கருணையிலும் சேப்பங்கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட்டு ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. அவை தைப்பதால்தான் நாக்கும் தொண்டையும் அரிக்கின்றன. இது யாருக்கும் நேரக்கூடியது. புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் காறல் அடங்கிவிடும். பால் குடித்தால் வயிறு பொருமுவது பெரும்பாலும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலில் குறைவதால் வருவது. இத்தகையோரில் பலர் ஒரு டம்ளர் பாலுக்கு அவதிப்பட்டாலும் தயிரையும் மோரையும் தொல்லையின்றி உண்கிறார்கள். பால் புளிக்கும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. இது தொல்லைதான், உயிருக்கு ஆபத்தன்று.

இறால் உண்டவருக்கு உதடு வீங்குவதே உண்மையான ஒவ்வாமை. வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கியபோது இதன் உட்பொறி தெரிந்திருக்கவில்லை. 1960களில்தான் ஜப்பானைச் சேர்ந்த ஆய்வாளர்களான இஷிசாகா தம்பதியரும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும் தனித்தனியே ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைக் கண்டறிந்தனர். தீங்கற்ற ஓர் உணவுப் புரதத்தைப் பகையென்று கருதி உடல் இந்த எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே புரதம் உள்ளே வந்ததும் தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை ஒரேயடியாகக் கொட்டுகின்றன. அதனால்தான் தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் சேர்ந்து வரக்கூடும். இதை அடையாளம் காண இரண்டு குறிகள் உதவும். உண்ட சில நிமிடங்களுக்குள், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்திற்குள் வரும். மிகச் சிறிய அளவே போதுமானதாக இருக்கும். இறாலின் ஒவ்வாமைப் புரதம் வேகவைத்தாலும் சிதைவதில்லை. எனவே இறால் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தாலும் அது ஒவ்வாதவருக்கு ஆபத்தே.

மீன் உண்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தபின் பனிக்கட்டியில் வைக்காமல் வெயிலில் விட்டால், மீனின் தசையிலேயே நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமையல் சூடு அதை அழிக்காது. அம்மீனை உண்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பு வரும். பார்த்தால் ஒவ்வாமை போலவே இருக்கும். ஒரே சட்டிக் குழம்பை உண்ட பலருக்கும் ஒன்றாக வந்ததா, அதே மீனை முன்பும் பின்பும் நலமாக உண்டிருக்கிறோமா என்று கேட்டுப் பார்த்தால், குறை உடலிலா மீனிலா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இப்படிப் பிரித்து அறிய மிகச் சிறந்த கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு. உண்டது என்ன, எத்தனை மணிக்கு, அறிகுறி எப்போது தொடங்கி எப்போது அடங்கியது என்பதோடு, அன்று விழுங்கிய மாத்திரை, செய்த உடற்பயிற்சி, பெண்களானால் மாதவிலக்கு நாள் ஆகியவற்றையும் எழுத வேண்டும். என் அக்கா இரண்டு ஆண்டுகள் கத்தரிக்காயைத் தொடவில்லை. சாம்பாரில் ஒரு துண்டு கிடந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். ஆனாலும் கை, கழுத்தெல்லாம் தடிப்பது நிற்கவில்லை. ஆறு வாரம் எழுதிய பிறகு நோட்டைப் புரட்டினோம். தடித்த நான்கு நாட்களில் கத்தரிக்காய் ஒரு நாளும் இல்லை. நான்கு நாட்களிலும் ‘தலைவலி, ஐபுப்ரோஃபென் ஒன்று’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. வலி மாத்திரைகள் சிலருக்குத் தாமாகவே தடிப்பை உண்டாக்கும். வேறு சிலருக்கு, அதுவரை சிறு தொல்லையோடு நின்ற உணவு ஒவ்வாமையைப் பெரிதாக்கும். உணவு உண்டதும் கடுமையாக உடற்பயிற்சி செய்வதும் மது அருந்துவதும் அவ்வாறே.

நோட்டில் ஓர் உணவின் மீது ஐயம் விழுந்தால், அறிகுறி இலேசானதாக மட்டும் இருந்திருந்தால், அந்த ஒன்றை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பின்னர் திரும்ப உண்டு பார்க்கலாம். உண்டவுடன் தடிப்பு பரவியோ, முகம் வீங்கியோ, மூச்சு முட்டியோ இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்யக்கூடாது. அது மருத்துவமனையில், மருத்துவர் அருகில் இருக்கச் செய்ய வேண்டியது. குழந்தைகளுக்குப் பால், முட்டை, கோதுமை, கடலை என்று தாமாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது வளர்ச்சியைக் கெடுக்கும். பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுத்துப் பார்ப்பதும் தவறு. இரண்டின் புரதங்களும் மிக நெருங்கியவை என்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஒவ்வாது.

பரிசோதனை என்று போனால், ஒவ்வாமை மருத்துவர் ஐயத்துக்குரிய உணவின் சாற்றைத் தோலில் ஒரு துளி விட்டு நுண்ணூசியால் குத்திப் பார்ப்பதும், இரத்தத்தில் குறிப்பிட்ட உணவுக்கான ஐஜிஈ அளவைப் பார்ப்பதும் பயனுள்ளவை. தோல் சோதனைக்குச் சில நாட்கள் முன்பே செட்டிரிசின் போன்ற அரிப்படக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். எனினும் சோதனையில் குறி தெரிவதும் உண்டால் நோய் வருவதும் ஒன்றல்ல. நோட்டும் சோதனையும் ஒத்துப்போனால்தான் முடிவு. நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே இரத்தத் துளியில் ‘ஐஜிஜி’ என்ற வேறோர் எதிர்ப்பொருளைப் பார்த்துத் தருவதாக விளம்பரப்படுத்தப்படும் சோதனைக்குப் பணம் செலவிட வேண்டாம். அது நாம் அடிக்கடி உண்பது எது என்பதைத்தான் காட்டும். அந்தப் பட்டியலை நம்பி நல்ல உணவையெல்லாம் விலக்கி மெலிந்தவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

காரணம் தெரிந்தபின் கடைச் சரக்கின் உறையைப் படித்தாக வேண்டும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவு முத்திரை விதிகளின்படி கோதுமை முதலிய குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலையும் பருப்புக்கொட்டைகளும், சோயா ஆகியவை சேர்ந்திருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும். எள்ளும் கடுகும் அப்பட்டியலில் இல்லை. அவை ஒவ்வாதவர் சேர்மானம் முழுவதையும் படிக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம் என்பது பலருக்குத் தெரியாது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கும் என்பதால் கடலை ஒவ்வாதவருக்கு அது ஏற்றதன்று.

இனி கைமருந்து. காணாக்கடி என்று நாம் சொல்லும் தடிப்புக்கு அறுகம்புல் சாறு கொடுப்பதும், மிளகை வெற்றிலையில் மடித்து மெல்லச் சொல்வதும், வேப்பிலை அரைத்துப் பூசுவதும் தலைமுறை தலைமுறையாக வருபவை. அவற்றை இகழ எனக்கு மனம் வராது. ஆயினும் ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் தானாகவே அமிழ்ந்துவிடும். ஆகவே எதைக் கொடுத்தாலும் அதற்கே நற்பெயர் சேரும். மூலிகை என்பதும் புரதமும் வேதிப்பொருளும் கொண்ட ஒரு செடிதான். அதுவே ஒவ்வாமல் போகலாம். நிலவேம்பு சேர்ந்த மருந்துகளால் கடும் ஒவ்வாமை நேர்வதை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் ஆராய்ந்து எச்சரித்தது. பார்த்தீனியச் செடியால் தோல் வெடிப்பவர், அதே குடும்பத்தைச் சேர்ந்த கரிசலாங்கண்ணியையும் சாமந்தியையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகிறவர்களுக்கு அதே குடும்பத்துச் சேராங்கொட்டை பெருந்தீங்கு செய்யக்கூடும். சித்த மருத்துவமே அதைச் சுத்தி செய்யாமல் கையாளுவதில்லை. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டக்கூடாது. அதனால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. பெயரும் சேர்மானமும் எழுதாத ‘அலர்ஜிப் பொடி’ இரண்டே நாளில் அரிப்பை அடக்கினால் மகிழ வேண்டாம். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் சென்று, உண்ணும் மற்ற மருந்துகளையும் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு மூலிகையை மட்டும் தொடங்குவதே முறை.

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்கள். குரல் கம்மி, மூச்சு இரைந்து, தொடர்ந்து வாந்தி எடுத்து, மயக்கம் வரும் ஒருவரிடம் அந்தப் பழமொழியை நம்பக்கூடாது. அப்போது வாயில் எதையும் புகட்டக்கூடாது. செட்டிரிசின் அரிப்பைக் குறைக்குமே ஒழிய, அடைபடும் மூச்சுக்குழலைத் திறக்காது, விழும் இரத்த அழுத்தத்தை ஏற்றாது. உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. நடுத்தொடையின் வெளிப்புறத் தசையில், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், பெரியவருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மிகாமல் போடுவது வழக்கம். 108ஐ அழைத்துவிட்டு, அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்கவிடக்கூடாது. தெளிந்தபின்னும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம் என்பதால் மருத்துவமனையில் இருந்தே ஆக வேண்டும். வீடு திரும்பும் முன் ஊசியைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டுமா, எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு, ஒவ்வாத பொருளின் பெயரையும் ஊசியின் அளவையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பணப்பையிலும், குழந்தையானால் பள்ளிப் பையிலும் வைத்துவிட வேண்டும்.