அமெரிக்கக் கறுப்பின மக்கள் சிகரெட்டை விட உதவுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முதல் தவறு, மன உறுதி பற்றிப் பிரசங்கம் செய்வது. அமெரிக்காவில் சிகரெட் பிடிக்கிற கறுப்பினத்தவர்கள் வெள்ளையர்களைவிட அதிகமாகவே விட விரும்புகிறார்கள், முயன்றும் பார்க்கிறார்கள். ஆனால் டாக்டரின் ஆலோசனையும் மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது, அதனால் விட்டு மீள்கிறவர்களும் குறைவு. ஏற்கெனவே விட நினைக்கிறவரிடம் போய் உபதேசம் செய்தால் தலையாட்டிவிட்டு, வெளியே போய் ஒன்றைப் பற்ற வைப்பார்.

"நாளைக்கு ஏழெட்டுதானே, இதுக்கெல்லாம் மருந்தா?" என்று விட்டுவிடுவது அடுத்தது. சராசரியாக இவர்கள் பிடிக்கிற எண்ணிக்கை குறைவுதான், ஆனால் ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் ஏறுகிற நிகோடின் அதிகம். எண்ணிக்கையை விடுங்கள், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேளுங்கள்; அரை மணிக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான 2013 பரிந்துரையிலும் இதே கோளாறு இருந்தது: தினம் ஒரு பாக்கெட் வீதம் 30 வருடம் என்று அளவு வைத்ததில் கறுப்பினத்தவர் பலர் கணக்கிலேயே வரவில்லை. 2021இல்தான் அதை 20 வருடமாகக் குறைத்தார்கள், வயதையும் 55இலிருந்து 50 ஆக்கினார்கள்.

அப்புறம் மெந்தால், அதாவது புதினா போலக் குளிர்ச்சி தருகிற பொருள் சேர்த்த சிகரெட். இதை வெறும் ருசி என்று நினைத்தால் மொத்தக் கதையும் கைநழுவிவிடும். சிகரெட் பிடிக்கிற கறுப்பினத்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் மெந்தால்காரர்கள், அது தானாக வந்த பழக்கமில்லை. கறுப்பினத்தவருக்கான எபனி பத்திரிகையில் விளம்பரம், கூல் என்ற மெந்தால் சிகரெட்டின் பெயரிலேயே ஜாஸ் விழா, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் இலவசச் சிகரெட் என்று கம்பெனிகள் பல வருடம் உழைத்து வளர்த்த சந்தை அது. 1990இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் கம்பெனி இவர்களைக் குறிவைத்தே 'அப்டவுன்' என்ற மெந்தால் சிகரெட்டை ஃபிலடெல்ஃபியாவில் இறக்கப் பார்த்தபோது, ஊர் மக்கள் எதிர்த்து நின்று அதைக் கைவிட வைத்தார்கள். 2009 சட்டமோ மற்ற வாசனைச் சிகரெட்டுகளைத் தடை செய்துவிட்டு மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. 2022இல் மெந்தாலுக்கு முன்மொழிந்த தடையும் 2025 ஜனவரியில் வாபஸ். தொண்டைக்குக் குளுகுளுவென்று இருப்பதால் புகை சுலபமாக உள்ளே போகிறது, விடுவது கஷ்டமாகிறது. "மெந்தால்தானே, லேசானது" என்று யாராவது சொன்னால் இதை விளக்கியே ஆக வேண்டும்.

"மருந்திலும் நிகோடின்தானே இருக்கு?" என்று சந்தேகப்பட்டால் சிரிக்காதீர்கள். 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் அரசே வேடிக்கை பார்த்த நாடு அது, சந்தேகம் வரத்தான் செய்யும். பழக்கத்தில் கட்டிப்போடுவது நிகோடின், புற்றுநோய் தருவது முக்கியமாகப் புகை, இதை நிதானமாகச் சொன்னாலே போதும்.

சிகரெட்டை விட உதவும் நிகோடின் சூயிங்கத்தைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது என்பதும் தவறு. சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கல், நெஞ்செரிச்சல்தான் மிச்சம். இரண்டு கடி, காரம் தெரிந்ததும் வெற்றிலையை ஒதுக்குவது போலக் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். காபி குடித்து கால் மணி நேரமாவது கழியட்டும். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சையும் சேர்த்துப் போட்டால் பலன் கூடும். நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டார் என்பதற்காகப் பேட்ச்சைப் பிய்த்துப்போடச் சொல்லாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். சிகரெட்டை விட உதவும் 1-800-784-8669 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் கொடுத்து வையுங்கள். பல மாநிலங்களில் பேட்ச்சையே இலவசமாக அனுப்புகிறார்கள்.