பேயே வராத பேய்ப் படத்தைப் பார்ப்பது எப்படி?

"ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை" என்று பாதியில் நிறுத்தியவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குத்தான். மெதுவான பேய்ப் படங்கள் என்றால் எனக்கு உயிர், அவற்றைப் பார்க்கக் கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வீட்டைத் தயார் செய்யுங்கள். சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அமைதி கிடைப்பது கஷ்டம், அதனால் கீழ்த்தளத்து அரட்டை அடங்கி, அடுத்த வீட்டு கேட் சாத்தும் சத்தமும் கேட்டபின், இரவு பதினொரு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். வேர்க்கும், பரவாயில்லை, இந்தப் படங்களில் பாதிக் கதை சின்னச் சின்னச் சத்தங்களில்தான் இருக்கிறது.

அடுத்து, 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. 73 நிமிடம்தான். ஒரு பெண் இரவில் பூங்காச் சுவரோரமாகத் தனியே நடக்கிறாள். அவளுடைய குதிகால் சத்தம், பின்னால் இன்னொருத்தியின் குதிகால் சத்தம். சட்டென்று பின்னால் வந்தது மட்டும் நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடை வேகமாகிறது, திடீரென்று ஒரு சீறல், பார்த்தால் பேருந்து! அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டு, இந்த முறை கண்ணை மூடிக் கேளுங்கள். அந்தக் காலடி எங்கே நின்றது என்று உங்கள் காது தேடும், இந்த வகைப் படத்துக்கு வேண்டிய பழக்கம் அதுதான். நீச்சல்குளக் காட்சியும் இப்படித்தான்: சுவரில் நிழல், தண்ணீர் வெளிச்சம், ஓர் உறுமல். அங்கே காட்டாத மிருகத்தை மனதுக்குள் நீங்களே கொண்டுவந்துவிடுவீர்கள்.

அப்புறம் கண்ணுக்கு வேலை. ஆள் பேசும்போது ஆளைப் பார்க்காதீர்கள், அவருக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவைப் பாருங்கள்.

இதெல்லாம் பழகியபின் 'ஸ்கினமரிங்க்', 2022. முதல் படமாக இதை எடுக்கவே கூடாது. நடுராத்திரியில் எழும் இரண்டு பிள்ளைகள், அப்பாவைக் காணோம், ஜன்னலும் கதவும் மறைகின்றன, முகங்களைச் சரியாகக் காட்டாமல் 100 நிமிடமும் கூரை மூலை, தொலைக்காட்சி வெளிச்சம், தரையில் கிடக்கும் பொம்மைகள். சின்ன வயதில் தண்ணீர் குடிக்க இருட்டில் எழுந்த ஞாபகம் வந்தால், சரியாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

முடிந்ததும் விளக்கம் தேடாதீர்கள், அன்றிரவு மட்டுமாவது. நான் 'ஸ்கினமரிங்க்' பார்த்த இரவு, காற்று வாங்கத் தாழ்வாரத்துக்கு வந்தேன். மின்தூக்கி எங்கள் தளத்தில் நின்றது. கதவு திறந்தது, உள்ளே யாரும் இல்லை. அது மூடும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.