பாப்பி பிளேடைம் சாப்டர் 2: முதல் தடவை ஆடறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

பாப்பி பிளேடைம்ங்கற திகில் கேமோட சாப்டர் 1ஐ ஒரே உட்கார்ல முடிச்சிட்டு அதே வேகத்துல சாப்டர் 2க்குள்ள போய் மாட்டிக்கிட்டு, "அண்ணா அந்த பிங்க் கலர் பொம்மை விடவே மாட்டேங்குது, என்ன பண்றது"ன்னு கேக்கற தம்பி தங்கச்சிங்க நம்ம கிருஷ்ணகிரி, பர்கூர், பாலக்கோடு பக்கம் நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். விடைய மட்டும் வரிசையா சொல்லப் போறதில்ல, ஏன்னா யூடியூப்ல ஒருத்தர் ஆடறத பாத்து அப்படியே காப்பி அடிச்சா பயமும் போயிரும், பசில்ல கிடைக்கற சந்தோஷமும் போயிரும். எப்படி யோசிக்கணும்னு சொல்றேன், கைய நீங்க வைங்க.

மொதல்ல கதை, சுருக்கமா. பிளேடைம் கோ-ன்னு ஒரு பொம்மை பேக்டரி, எலியட் லட்விக்ங்கறவர் ஆரம்பிச்சது, அங்க வேலை செஞ்சவங்க எல்லாரும் ஒரு நாள் காணாம போயிட்டாங்க, பத்து வருஷம் கழிச்சு அங்க முன்னாடி வேலை பாத்த நீங்க ஒரு லெட்டர் வந்ததுனால திரும்ப உள்ள போறீங்க. 2021 அக்டோபர்ல வந்த சாப்டர் 1ல ஹக்கி வக்கிங்கற நீல பொம்மை துரத்தும், கடைசில பாப்பிங்கற பொம்மை இருக்கற கண்ணாடிப் பெட்டிய திறப்பீங்க. அதே இடத்துல இருந்துதான் 2022 மே 5ஆம் தேதி வந்த சாப்டர் 2 ஆரம்பிக்குது, இதோட பேரு பிளை இன் எ வெப். அதனால மொத சாப்டர ஆடாம இதுக்கு வராதீங்க, கதையும் புரியாது, கை பழக்கமும் இருக்காது.

ஸ்டெப் 1: எதுல ஆடப் போறீங்க

கம்ப்யூட்டர்னா ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல சாப்டர் 1 ப்ரீ, சாப்டர் 2 அதுக்கு மேல காசு குடுத்து சேத்துக்கற டிஎல்சி. வாங்கறதுக்கு முன்னாடி அந்த பேஜ்ல கீழ மினிமம் ரிக்வயர்மெண்ட்ஸ்னு போட்டிருப்பாங்க, அத உங்க சிஸ்டத்தோட ஒத்துப் பாருங்க. நம்ம ஊர்ல பாதி வீட்ல இருக்கறது அரசு குடுத்த லேப்டாப், அதுல தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, கேம் ஓப்பன் ஆனாலும் துரத்தற சீன்ல திணறும், திணறினா செத்துருவீங்க, அதுதான் பிரச்சனை. ப்ரீயா கிடைக்கற சாப்டர் 1ஐ மொதல்ல போட்டுப் பாருங்க, அது வழுக்கிட்டு ஓடுனா அப்பறம் காசு செலவு பண்ணலாம். போன்லயும் இருக்கு, பிளே ஸ்டோர்லயே வாங்குங்க. யாரோ அனுப்புன ஏபிகே (பிளே ஸ்டோர் இல்லாம நேரா போடற ஆப் பைல்) லிங்க்க மட்டும் தொடாதீங்க, இந்த கேம் பேர வெச்சு வர்ற போலி ஆப் எக்கச்சக்கம், அப்பா போன்ல தான் யூபிஐயும் இருக்கும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஹெட்போன் கண்டிப்பா வேணும். சத்தத்த வெச்சுத்தான் பாதி கேம், இத கீழ சொல்றேன். ராத்திரி லைட்ட ஆப் பண்ணிட்டு தான் ஆடணும்னு எல்லாம் இல்ல, பகல்லயே ஆடுங்க, ஆனா ஸ்கிரீன்ல வெளிச்சம் அடிச்சா சுவத்துல இருக்கற அம்புக்குறி, கலர் எதுவும் தெரியாது, ஜன்னல சாத்திக்கோங்க. ஜம்ப்ஸ்கேர், அதாவது திடீர்னு முன்னாடி வந்து பயமுறுத்தற சீன் வரும்போது வால்யூம் திடீர்னு எகிறும், அதனால சத்தத்த முக்கால்வாசி வெச்சாலே போதும்.

ஸ்டெப் 2: கிராப்பேக்க புரிஞ்சுக்கோங்க

முதுகுல ஒரு பை, அதுல இருந்து ஒயர்ல ரெண்டு கை. மவுஸ்ல லெப்ட் கிளிக் இடது கை, ரைட் கிளிக் வலது கை. தூரத்துல இருக்கற லீவர இழுக்கறது, கதவ திறக்கறது எல்லாம் இதுலதான். முக்கியமான விஷயம், அந்த ஒயர்ல கரண்ட் போகும். கரண்ட் வர்ற இடத்துல கைய ஒட்ட வெச்சு, ஒயர கம்பங்கள சுத்தி கொண்டு போய் மெஷின்ல சேத்தா சர்க்யூட் முடிஞ்சு மெஷின் ஓடும். இத மொத சாப்டர்லயே பண்ணியிருப்பீங்க.

சாப்டர் 2ல கதைப்படி சிவப்புக் கை போயிரும், அதுக்குப் பதிலா பச்சைக் கை கிடைக்கும். பச்சைக் கை கரண்ட கொஞ்ச நேரம் தனக்குள்ள பிடிச்சு வெச்சுக்கும். ஒயர் எட்டாத இடத்துக்கும் கரண்ட கொண்டு போகலாம், ஆனா சில நொடிதான், அதுக்குள்ள அடுத்த பாயிண்ட்ல தட்டலைன்னா காலி, திரும்ப முதல்ல இருந்து.

புதுசா ஆடறவங்க இங்கதான் மாட்டுவாங்க. கைய சார்ஜ் பண்ணிட்டு அப்பறமா எங்க போறதுன்னு தேட ஆரம்பிப்பாங்க, தேடறதுக்குள்ள சார்ஜ் போயிரும், திரும்ப சார்ஜ், திரும்ப தேடல், கடைசில வெறுத்துப் போய் யூடியூப். அப்படி பண்ணாதீங்க. கைய சார்ஜ் பண்றதுக்கு முன்னாடியே சும்மா ஒரு நடை நடந்து பாருங்க, கரண்ட் எங்க இருந்து வருது, எந்த மெஷினுக்குப் போகணும், நடுவுல எந்தக் கதவு, எங்க குதிக்கணும், எல்லாத்தையும் பாத்து வெச்சுட்டு அப்பறம் சார்ஜ் பண்ணுங்க, ஒரே ஓட்டத்துல முடிஞ்சிரும். இந்த சாப்டர்ல எங்க நின்னுட்டாலும் உங்கள நீங்களே கேக்க வேண்டிய ஒரே கேள்வி, கரண்ட் எங்க நிக்குது? ரூம்ல செத்துக் கிடக்கற மெஷின் எதுன்னு பாத்து அங்க இருந்து பின்னாடி வாங்க, வழி கிடைக்கும்.

இன்னொரு புது வித்தை, மேல இருக்கற பிடியில கைய மாட்டி தொங்கி ஆடி அந்தப் பக்கம் போறது. ஓடி வந்து குதிச்சு நடுவுல மாட்டுங்க, நின்ன இடத்துல இருந்து மாட்டினா வேகம் பத்தாது.

ஸ்டெப் 3: மூணு கேம்

மம்மி லாங் லெக்ஸ், நீளமா இழுபடற கை கால் வெச்ச பிங்க் பொம்மை, இந்த சாப்டரோட வில்லி. பாப்பிய பிடிச்சு வெச்சுக்கிட்டு, மூணு விளையாட்டு ஜெயிச்சா வெளிய போற ரயிலோட கோட் தருவேன்னு சொல்லும். கோட் துண்டு துண்டாத்தான் கிடைக்கும்.

மியூசிக்கல் மெமரி. கலர் கலரா பட்டன், ஸ்கிரீன்ல எந்த வரிசையில காட்டுதோ அதே வரிசையில கையால அடிக்கணும். மேல இருந்து பன்சோ பன்னின்னு மஞ்சள் முயல் கையில ஜால்ராவோட கீழ இறங்கிட்டே வரும். அதப் பாக்காதீங்க, பட்டன மட்டும் பாருங்க. கலர வாய்விட்டு சொல்லிட்டே ஆடுனா மறக்காது. பிரண்ட்ஸோட உக்காந்து ஆடுனா சொல்றது ஒருத்தரா மட்டும் இருக்கட்டும், ஏன்னா நம்ம ஊர்ல ஒருத்தன் சிவப்புன்னு கத்துவான், ஒருத்தன் தெலுங்குல எர்ரன்னு கத்துவான், ஓசூர்க்காரன் கன்னடத்துல கெம்புன்னு கத்துவான், அதுக்குள்ள முயல் தலைக்கு மேல வந்துரும்.

வேக்-எ-வக்கி. சுத்தி சுவர் முழுக்க ஓட்டை, அதுல இருந்து குட்டி குட்டி ஹக்கி வெளிய வரும், உங்கள எட்டறதுக்குள்ள கையால தட்டி உள்ள அனுப்பணும். ஒரே பக்கம் பாத்துட்டு நின்னா முதுகுல இருந்து வந்துரும். ரூம் நடுவுல நின்னு மெதுவா சுத்திட்டே இருங்க, ஹெட்போன்ல எந்தப் பக்கம் சத்தம் கேக்குதோ அந்தப் பக்கம் மொதல்ல திரும்புங்க. ரெண்டு கையையும் மாத்தி மாத்தி விடுங்க, ஒரு கை திரும்பி வர்ற நேரத்துல இன்னொன்னு ரெடியா இருக்கும்.

ஸ்டேச்சூஸ். இது நம்ம ஸ்கூல் கிரவுண்ட்ல ஆடுன ஸ்டேச்சு தான். லைட் அணைஞ்சா நகரணும், லைட் வந்தா அசையக்கூடாது. பின்னாடி பிஜே பக்-எ-பில்லர் வரும், மூஞ்சி பக் நாய், உடம்பு கம்பளிப்பூச்சி. எனக்கு மூணுலயும் ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா சும்மா நிக்கறதையே இவ்ளோ பயமா ஆக்கியிருக்காங்க, இருட்டுலதான் தைரியமா நடக்கணும், வெளிச்சம் வந்தா மூச்சப் பிடிச்சுக்கணும். லைட் வர்ற நேரத்துல குதிக்காதீங்க, தடை ஏதாவது தாண்டணும்னா இருட்டு ஆரம்பிச்ச உடனே தாண்டிருங்க.

நடுவுல சுவத்து ஓரம், டேபிள் மேல கேசட் கிடக்கும், விட்றாதீங்க, பக்கத்துல இருக்கற பிளேயர்ல போட்டுக் கேளுங்க. பேக்டரில உண்மையில என்ன நடந்துச்சுன்னு அதுலதான் இருக்கு, வசனம் இங்கிலீஷ்ல இருக்கறதால சப்டைட்டில ஆன் பண்ணிக்கோங்க.

வீட்ல சின்னப் பசங்க இருந்தா ஒரு வார்த்தை. மாங்கனி கண்காட்சி பொம்மைக் கடைல, கோயில் திருவிழால எல்லாம் அந்த நீல ஹக்கிய தொங்க விட்டுருப்பாங்க, கட்டிப்பிடிக்கற பொம்மைன்னு நாலு வயசுக் குழந்தையும் கேக்கும், வாங்கிக் குடுங்க, தப்பில்ல. ஆனா கேம காட்டாதீங்க. தான் கட்டிப்பிடிச்சு தூங்கற பொம்மையே வாயத் திறந்து துரத்தறத பாத்தா அந்த வயசுக்குத் தாங்காது, பெரியவங்களுக்கே சில சீன் கஷ்டம்.

ஸ்டெப் 4: கடைசி ஓட்டம்

மூணாவது கேம் முடிஞ்சதும் மம்மி கோவப்பட்டு நேர்லயே துரத்தும். இங்க யோசிக்க ஒன்னும் இல்ல, திரும்பிப் பாக்காம ஓடணும், அவ்ளோதான். செத்தா பரவால்ல, செக்பாயிண்ட்ல இருந்து ஆரம்பிக்கும், ஒவ்வொரு தடவையும் வழி இன்னும் கொஞ்சம் மனப்பாடம் ஆகும். வீட்ல கரண்ட் கட் ஆகற நேரம் பாத்து இத ஆரம்பிக்காதீங்க. ஒரு இடத்துல ஓட வழியே இல்லாத மாதிரி இருக்கும், அங்க கையையும் சுத்தி இருக்கற மெஷினையும் பாருங்க, விடை எட்டற தூரத்துலதான் இருக்கு, இதுக்கு மேல சொன்னா கெட்டுரும்.

அப்பறம் ரயில்ல ஏறி கோட போட்டு லீவர இழுங்க. ரயில் கிளம்புன உடனே எழுந்து போயிராதீங்க, கேம் இன்னும் முடியல, பாப்பி பேசறத முழுசா கேளுங்க. 2024 ஜனவரில வந்த சாப்டர் 3, டீப் ஸ்லீப், அங்க இருந்துதான் ஆரம்பிக்குது.