வட்டம், ஆப்பு, அறுகோணம்: நகரப் புவியியல் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரப் புவியியலுக்குள் நுழைபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது படங்களைத்தான். ஐந்து வளையங்கள், மையத்திலிருந்து விரியும் ஆப்புகள், தேன்கூடு போன்ற அறுகோணங்கள். படம் நினைவில் தங்கிவிடுகிறது. எந்தக் கேள்விக்கு விடையாக அது வரையப்பட்டது என்பது நழுவிவிடுகிறது. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கின்றன.

வளைய மாதிரியையே எடுத்துக்கொள்ளலாம். சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1925-இல் அதை வெளியிட்டபோது அவர் கண்முன் இருந்தது சிகாகோ. 1850-இல் சுமார் 30,000 பேர் வாழ்ந்த அந்த ஊர் 1900-இல் ஏறத்தாழ 17 லட்சம் பேரைக் கொண்ட மாநகரமாகிவிட்டிருந்தது. ஆண்டுதோறும் வந்து குவிபவர்கள் முதலில் எங்கே தங்குகிறார்கள், கையில் பணம் சேர்ந்ததும் எங்கே நகர்கிறார்கள், அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளுக்கு யார் வருகிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. மைய வணிகப் பகுதியை ஒட்டிய பழைய குடியிருப்புகளில் புதியவர்கள் இறங்கினார்கள். வசதி வந்ததும் வெளிப்புறமாக நகர்ந்தார்கள். இதை விளக்க, தாவரச் சூழலியலிலிருந்து ‘ஊடுருவல்’ (புதியவர்கள் ஓரிடத்துக்குள் நுழைவது), ‘வழிமுறை மாற்றம்’ (பழையவர்களின் இடத்தை அவர்கள் படிப்படியாகப் பிடிப்பது) என்ற கருத்துகளைக் கடன் வாங்கினார். ஆகவே அந்த வளையங்கள் சுவர்கள் அல்ல, அலைகள். அவற்றை நிலையான எல்லைகளாகப் படிப்பதுதான் மிகப் பெரிய தவறு.

“எந்த நகரமும் வட்டமாக இல்லை, எனவே மாதிரி பொய்” என்று எழுதுவது அதே தவறின் மறுபக்கம். சிகாகோவே மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. கிழக்கே பாதி வட்டம் தண்ணீர்தான். பர்ஜெஸுக்கு அது தெரியாதா? ஒரு நகரத்துக்கு இந்த மாதிரி பொருந்துமா என்று பார்க்க விரும்புபவர் கேட்க வேண்டியவை வேறு: வேலைகள் ஒரே மையத்தில் குவிந்திருக்கின்றனவா? புதிதாக வருபவர்கள் அந்த மையத்தின் விளிம்பில் தங்குகிறார்களா?

அடுத்தது, வளையம், ஆப்பு, பல மையங்கள் என்ற மூன்று நகர மாதிரிகளையும் ஏணிப்படிகளாகக் காண்பது. பர்ஜெஸ் தவறினார், ஹோமர் ஹொய்ட் 1939-இல் திருத்தினார், சான்சி ஹாரிஸும் எட்வர்ட் உல்மனும் 1945-இல் முடித்துவைத்தார்கள் என்ற கதை வசதியானது, ஆனால் சரியல்ல. ஹொய்ட் அமெரிக்க நகரங்கள் பலவற்றின் வாடகைத் தரவுகளை வைத்து, உயர்வாடகைக் குடியிருப்புகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று ஆராய்ந்தார். ஹாரிஸும் உல்மனும் துறைமுகம், கனரகத் தொழில், மொத்த வணிகம் போன்றவை ஏன் தனித்தனி மையங்களாகத் திரள்கின்றன என்று கேட்டார்கள். கேள்விகள் வேறு என்பதால் மூன்று விடைகளும் ஒரே நகரத்தில் ஒன்றாக இருக்க முடியும். ராபர்ட் மர்டி டொராண்டோவைப் பற்றி 1969-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பொருளாதார நிலை ஆப்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்ப நிலை வளையங்களாக அமைந்திருந்தது. இனக்குழுக்கள் ஆங்காங்கே திரள்களாக இருந்தன.

நில வாடகையில் வரும் குழப்பம் இன்னும் ஆழமானது. இதில் நிதானமாக நிற்க வேண்டும். “ஏழைகள் மலிவான நிலத்தில் வாழ்கிறார்கள்” என்பது கேட்டவுடன் உண்மை போலத் தோன்றும் வாக்கியம். வில்லியம் அலோன்சோ 1964-இல் முன்வைத்த ஏல வாடகைக் கோட்பாட்டின் (ஓர் இடத்துக்கு அதிகம் கொடுக்க முன்வருபவருக்கே அது கிடைக்கிறது என்பது அதன் அடிப்படை) முக்கியப் பயனே, பல அமெரிக்க நகரங்களில் இதற்கு நேர்மாறான நிலை ஏன் இருந்தது என்று விளக்கியதுதான்: ஏழைகள் விலையுயர்ந்த மைய நிலத்திலும் வசதியானவர்கள் மலிவான புறநகர் நிலத்திலும் வாழ்ந்தார்கள். ஏழைக் குடும்பம் பயணச் செலவைத் தாங்க முடியாமல் மையத்தருகே தங்குகிறது. அங்கே ஒரு சதுர அடிக்கான வாடகை அதிகம். அதனால் மிகச் சிறிய இடத்தில் நெருக்கியடித்து வாழ்கிறது. மொத்தமாகக் கொடுக்கும் தொகை குறைவு, சதுர அடிக்குக் கொடுப்பது அதிகம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்களுக்கு நெரிசல் ஏன் உருவாகிறது என்பது புரியாது; அதை அங்கே வாழ்பவர்களின் பழக்கமாக எண்ணிவிடுவார்கள். இந்தப் பிழை ஏட்டோடு நிற்பதில்லை, மனிதர்களைப் பற்றிய தீர்ப்பாகவே மாறிவிடுகிறது.

இதை உலகப் பொதுவிதியாக்குவதும் தவறு. எர்ன்ஸ்ட் கிரிஃபினும் லாரி ஃபோர்டும் 1980-இல் வரைந்த லத்தீன் அமெரிக்க நகர மாதிரியில், மையத்திலிருந்து நீளும் ஒரு முதுகெலும்பை ஒட்டிச் செல்வந்தர்கள் வாழ்கிறார்கள். மிக வறிய குடியிருப்புகள் பெரும்பாலும் வெளி விளிம்பில் இருக்கின்றன.

அறுகோணங்களாக வரையப்படும், வால்டர் கிறிஸ்டாலரின் மைய இடக் கோட்பாடு (1933) நகரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியதே அல்ல. ஊர்களும் நகரங்களும் ஒரு வட்டாரத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதே அதன் பொருள். அதை வளைய மாதிரியோடு நிறுத்தி ஒப்பிடுவது அளவுகோலையே குழப்புவதாகும். அதில் வரும் இரு கருத்துகளும் அடிக்கடி இடம் மாறுகின்றன. ஒரு சேவை நட்டமின்றி நடக்கத் தேவையான குறைந்தபட்ச வாடிக்கையாளர் அளவு ஒன்று. அந்தச் சேவைக்காக மக்கள் பயணம் செய்ய ஒப்பும் அதிகபட்சத் தூரம் மற்றொன்று. முன்னது கடைக்காரரின் கணக்கு, பின்னது வாங்குபவரின் கணக்கு.

அதே கோட்பாட்டில், ஒரு பெரிய மையம் எத்தனை சிறிய மையங்களின் பகுதிக்குச் சமமான பரப்புக்குச் சேவை செய்கிறது என்று சொல்லும் 3, 4, 7 என்ற எண்களை மந்திரம் போல ஒப்பிக்க வேண்டியதும் இல்லை. ஒரு பெரிய மையத்தைச் சுற்றி ஆறு சிறிய மையங்கள். சந்தை நெறியில் ஒவ்வொரு சிறிய மையத்தின் பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிய மையத்துக்கு வருகிறது: ஆறு மூன்றிலொரு பங்குகள் சேர்ந்து 2, தன் பகுதி 1, மொத்தம் 3. போக்குவரத்து நெறியில் பாதிப் பங்கு வருவதால் 4. நிர்வாக நெறியில் ஆறும் முழுமையாக வருவதால் 7. ஒரு முறை தாளில் வரைந்து பார்த்தால் போதும்.

‘முதன்மை நகரம்’ என்பதை ‘நாட்டின் மிகப் பெரிய நகரம்’ என்று எழுதுபவர்கள் பலர். மார்க் ஜெஃபர்சன் 1939-இல் சொன்னது, அடுத்த நகரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு மக்கள்தொகையும் இரு மடங்குக்கும் மேலான செல்வாக்கும் கொண்ட நகரம். பாங்காக் அப்படிப்பட்டது. நியூயார்க் தன் நாட்டில் மிகப் பெரியது. ஆனாலும் புறநகர்களையும் சேர்த்து எண்ணினால் இந்தப் பொருளில் முதன்மை நகரம் அல்ல. அதேபோல நகரங்களின் மக்கள்தொகை பெருகுவது வேறு, நகரமயமாதல் வேறு. நகரமும் கிராமமும் ஒரே வேகத்தில் வளர்ந்தால், நகரங்கள் எவ்வளவு வீங்கினாலும் நகரவாசிகளின் விகிதம் மாறாது.

எண்களை ஒப்பிடும்போது எல்லை எது என்று பாருங்கள். டோக்கியோவுக்கு ஏறத்தாழ 1.4 கோடி என்றும் சொல்லலாம், 3.7 கோடி என்றும் சொல்லலாம். முன்னது நிர்வாக எல்லை, பின்னது சுற்றியுள்ள தொடர் நகர்ப்பரப்பையும் சேர்த்தது. சீனாவின் சோங்சிங் மாநகராட்சியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆஸ்திரியாவுக்கு ஏறக்குறைய நிகர். அதற்குள் மலைகளும் வயல்களும் ஏராளம்.

கடைசியாக, ஒரு பகுதியின் சராசரியை அங்கே வாழும் தனி மனிதர் மீது ஏற்றுவது. வில்லியம் ராபின்சன் 1950-இல் அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு இதைச் சோதித்தார். மாநிலங்களாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழ்ந்த இடங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. தனி மனிதர்களாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவின்மை அதிகமாக இருந்தது. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.