மலையகத்தில் கடல்நீர்த் தொட்டி: பச்சைப்பாசியை அடக்கும் வழி

இலங்கை மலையகத்து அட்டனில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, உப்பு எங்கே வாங்குவது என்றுதான். தொட்டி தொடங்கி மூன்று மாதமானதும் கேள்வி மாறிவிடும்: "கல்லெல்லாம் பச்சை முடி முளைத்துவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம்?" மருந்தை எடுக்குமுன், அந்தப் பாசிக்குச் சாப்பாடு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பாடசாலையில் படித்த நைத்திரேற்றும் பொசுபேற்றும்தான் அதன் சாப்பாடு.

1. இனம் காணுங்கள்

புதுத் தொட்டியில் மண்ணிறத் தூள் படிந்தால் அது டயட்டம் என்ற நுண்பாசி. சில கிழமைகளில் தானாகவே அடங்கும். செந்நிற வழுவழுப்பான படலம் சயனோபக்றீரியா, பாசிபோல் ஒளியில் வளரும் பக்றீரியா. குழாயால் உறிஞ்சி எடுங்கள். விரலால் பிடித்து இழுக்கக்கூடிய பச்சை இழைதான் இங்கே நமது எதிரி.

2. அளந்து பாருங்கள்

நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் இருந்தால் போதும். பாசி அடர்ந்த தொட்டியில் சோதனை பூச்சியம் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். கரைந்ததைப் பாசி உடனுக்குடன் தின்றுவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

3. பயன்படுத்தும் தண்ணீரை மாற்றுங்கள்

மலையகத்துத் தொட்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. மலை ஊற்றிலிருந்து வழிந்து வரும் நமது பீலித் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. குடிக்க அதைவிட ருசியான தண்ணீர் எனக்குத் தெரியாது. ஆனால் மேலே தேயிலைக்கு உரம் போட்டு மழையும் பெய்தால், யூரியாவின் நைதரசன் நைத்திரேற்றாக மாறி மண்ணுக்குள் இறங்கி ஊற்றில் சேரும். பாறை இடுக்கில் ஊறி வரும் நீரில் சிலிக்கேற்றும் கரைந்திருக்கும். அது டயட்டத்துக்கு விருந்து. கொதிக்க வைத்தாலும் இவை போகா. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஹீற்றர் தொட்டியை 25 பாகை செல்சியஸில் வைத்திருக்கும். அறையோ குளிர்ந்து கிடக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக வழிகிற ஈரத்தில் ஒரு பங்கு தொட்டியிலிருந்து போனதுதான். என் 100 லீற்றர்த் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லீற்றர் குறைந்தது. அதை நான் பீலித் தண்ணீரால் நிரப்பிவந்தேன். இரண்டு மாதத்தில் அது 90 லீற்றர்! ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருந்ததெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிட்டது.

ஆகவே உப்புக் கலக்கவும், குறைந்ததை நிரப்பவும், நுண்சவ்வின் ஊடே நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியோடு அயன் நீக்கும் பிசினும் சேர்ந்த கருவியில் வடித்த நீரையே பயன்படுத்துங்கள். நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீற்றர் 0 காட்ட வேண்டும். எண் ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றுங்கள். குறைந்ததை நிரப்பும்போது உப்புச் சேர்க்கக் கூடாது.

4. தீனியைக் குறையுங்கள்

உறைந்த இறால் கட்டியைத் தேநீர் வடிகட்டியில் போட்டு உருகவிட்டால் கலங்கல் நீர் கீழே இறங்கும். அதைக் கொட்டிவிடுங்கள். ஆனாலும் பொசுபேற்றின் பெரும்பங்கு இறாலின் சதைக்குள்ளேயே இருப்பதால், கழுவுவதைவிட அளவைக் குறைப்பதுதான் பலன் தரும். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே போதும்.

5. கையால் பிடுங்குங்கள்

தொட்டியிலிருந்து எடுத்த பழைய கடல்நீரை வாளியில் விட்டு, கல்லை அதற்குள் வைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பறந்து மற்றக் கற்களிலும் ஒட்டிக்கொள்ளும். இழை குட்டையான பிறகு டர்போ நத்தைகளை விடுங்கள். நீண்ட முடியை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள்.

6. மெல்ல வெளியேற்றுங்கள்

10 வீத நீரை மாற்றினால் 40 ஆக இருந்த நைத்திரேற்று 36 ஆகத்தான் குறையும். கிழமைக்கொரு முறை, நான்கு கிழமை செய்தால் ஏறக்குறைய 26. இடையில் சேர்வதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். எனவே அழுக்கை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும், தொட்டியோடு இணைந்த தனிப் பெட்டியில் இரவில் எரியும் விளக்கின்கீழ் நாமே வளர்க்கும் கீட்டோ என்ற பாசியும் துணைக்கு வேண்டும். கீட்டோ பெருகியதும் ஒரு பிடி அள்ளி வெளியே போடுங்கள். அது உறிஞ்சிய சத்தும் அதோடு போய்விடும். பொசுபேற்று உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டுத் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகவே சேருங்கள். இரண்டு சத்துகளும் அடியோடு வற்றினால் பவளங்கள் வெளிறும். குமிழி கோத்த மண்ணிறச் சளிபோல் டைனோ (டைனோபிளாஜெலேற்று என்ற நுண்ணுயிர்) கிளம்பும். அது பச்சை முடியைவிடக் கொடியது.

மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் அன்றைக்குத் தீனி போடாதீர்கள். பற்றரிக் காற்றுப் பம்பை இயக்கி, தொட்டியைப் போர்வையால் சுற்றிவிடுங்கள்.