மறைந்துபோன ஒரு டர்பன் கால்பந்துக் குழுவின் வரலாற்றை எழுதுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், இந்திய வம்சாவளியினரான நம் தாத்தாக்கள் ஆடிய கால்பந்துக் குழுக்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை; சிலவற்றின் பெயர்கூட ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அப்படியொரு குழுவின் வரலாற்றை எழுத முன்வருபவர் வழக்கமாக அது வாங்கிய கோப்பைகளிலிருந்து தொடங்குகிறார். நான் பரிந்துரைக்கும் வழி வேறு. அந்தக் குழு எந்த மைதானத்தில் ஆடியது, அந்த நிலம் யாருடையது, பிற்பாடு அது என்ன ஆயிற்று என்பவற்றை முதலில் கண்டுபிடியுங்கள். நம்மவர்களின் குழுக்களில் பல, ஆட்டத்தில் தோற்றுக் கலைந்தவை அல்ல. ஆட இடமும் ஆடியவர்களுக்கு வீடும் பறிபோனதால் கலைந்தவை.

மைதானத்தைத் தேடும் முன், குழு எந்தச் சங்கத்தின் கீழ் ஆடியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஆவணங்கள் எல்லாம் சங்கங்களின் பெயரில்தான் கிடக்கின்றன. தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கம் 1903இல் கிம்பர்லியில் அமைந்தது. மாகாணங்களுக்கிடையே நடந்த சாம் சைனா கோப்பைப் போட்டிகள் அதன் காலத்தவை. 1951இல் ஆப்பிரிக்க, கலப்பின, இந்தியச் சங்கங்கள் கைகோத்துத் தென்னாப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பை உருவாக்கின. அதன் வழியில் 1961இல் இனப்பாகுபாடற்ற தொழில்முறை லீக் ஒன்று தொடங்கியது. டர்பனின் அவலான் அத்லெட்டிக், ஏசஸ் யுனைட்டெட் ஆகியவை அதில் ஆடின. 1969 முதல் கூட்டமைப்பின் இன்னொரு தொழில்முறை லீக் நடந்தது. வெள்ளையர்களுக்கான தேசியக் கால்பந்து லீக் 1959 முதல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பெயர்களில் எச்சரிக்கை தேவை: கூட்டமைப்பு லீக்கில் ஆடிய டர்பனின் பெரியா வேறு, வெள்ளையர் லீக்கில் ஆடிய பிரிட்டோரியாவின் பெரியா பார்க் வேறு. இந்தக் குழப்பத்தில் அடுத்தவர் வெற்றியை நம் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு.

இனி மைதானம். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழு இருந்த பேட்டையின் கதையைத் தேடுங்கள். டர்பன் நகராட்சியில் துப்புரவு முதலிய வேலைகளைச் செய்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் சோம்ட்ஸு சாலையருகே மாகசின் பேரக்ஸ் என்ற நகராட்சிக் குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்தன. 1960களில் அவர்கள் இந்தியருக்கென ஒதுக்கிய புறநகர்க் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். கேட்டோ மேனரிலிருந்தும் மேவில்லிலிருந்தும் அப்படியே பலர் வெளியேற்றப்பட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் அதேபோன்ற இன்னொரு குடியிருப்பான ஃபீனிக்ஸும் நிரம்பத் தொடங்கியது. ஒரே தெருவில் வாழ்ந்த பதினொரு ஆட்டக்காரர்கள் மூன்று புதுக் குடியிருப்புப் பிரிவுகளில் (யூனிட்டுகளில்) சிதறியபின், வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு ஒன்றுகூடுவது எப்படி? இதற்கான சான்றுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள நகராட்சிச் செயலரின் கோப்புகளில் கிடைக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் கணினித் தேடலில் குழுவின் பெயரை மட்டும் இட்டுப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். மைதானத்தின் பெயர், சாலையின் பெயர், 'விளையாட்டுத் திடல் ஒதுக்கீடு' என்ற பொருள் ஆகியவற்றையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். திடல் கேட்டுக் குழுச் செயலாளர் அனுப்பிய விண்ணப்பம் ஒன்று கிடைத்தால், தலைப்புத்தாளில் அச்சிட்ட நிர்வாகிகள் பட்டியலும் முகவரியும் கையெழுத்தும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தைத் தனியாகப் பாருங்கள். டர்பனில் கறுப்பினத்தவரும் இந்தியரும் பெரிய ஆட்டங்களுக்குத் திரண்ட இடம் அதுதான். 1974 செப்டம்பர் 25 அன்று மொசாம்பிக் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் ஆதரவுக் கூட்டமும் அங்கேதான் நடந்தது. உங்கள் குழு அங்கே இறுதியாட்டம் ஆடியிருந்தால் செய்தித்தாளில் அது வந்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டைத் திடலில் ஆடிய சாதாரணச் சனிக்கிழமை ஆட்டங்களுக்கு அந்த யோகம் இல்லை.

செய்தித்தாள்களைப் பொறுத்தவரை, 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பழைய காலத்துக்கும், லீடர், கிராஃபிக் ஆகிய வார இதழ்கள் 1940களுக்கும் 50களுக்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும், கோல்டன் சிட்டி போஸ்ட் 1955 முதலும் உதவும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் (யுகேஇசட்என்) வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையம், டர்பனின் கில்லி கேம்ப்பெல் நூலகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பெஸ்ஸி ஹெட் நூலகம் ஆகிய மூன்று இடங்களிலும் விசாரியுங்கள். வாசிக்கும்போது ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்: முன்னறிவித்த ஆட்டப் பட்டியலை ஆட்டம் நடந்ததற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது, அடுத்த இதழில் முடிவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம், அக்காலத்தில் நகராட்சிகள் நினைத்த மாத்திரத்தில் திடலைப் பூட்டின. 1963 ஏப்ரலில் ஜோகனஸ்பர்க்கின் நட்டால்ஸ்ப்ரூட் திடலில் மொரோக்கா ஸ்வாலோஸும் பிளாக்பூல் யுனைட்டெட்டும் ஆடவிருந்த நாளில், ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தால் வாயில் பூட்டியிருந்தது. கோல் கம்பங்களையும் பிடுங்கி வைத்திருந்தார்கள். கூட்டம் வேலியேறிக் குதித்தது, ஆட்டமும் நடந்தது. ஆனால் எல்லா நாளும் அப்படி முடியவில்லை. திடல் கிடைக்காமலே, 1961இல் தொடங்கிய அந்த இனப்பாகுபாடற்ற லீக் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது.

குழுப் படம் ஒன்று கையில் கிடைத்தால் அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசையின் நடுவே வைத்திருக்கும் தோல் பந்தில் வெள்ளைச் சாயத்தால் ஆண்டை எழுதியிருப்பார்கள்; சில படங்களில் கேடயத்தின் மேல் சாய்த்துவைத்த பலகையில் இருக்கும். நாற்காலியில் கோட்டும் டையுமாக அமர்ந்திருப்பவர்கள் நிர்வாகிகள். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் குழுவுக்குப் பந்தும் பூட்ஸும் வாங்கிக்கொடுத்த கடைக்காரராக இருப்பார். மேல்மூலையில் வட்டத்துக்குள் ஒட்டிய தனி முகம், அன்று வர முடியாதவருடையதாகவோ இறந்துபோனவருடையதாகவோ இருக்கும். அது யார் என்று கேட்டாலே வீட்டிலுள்ள பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள். ஸ்டூடியோவின் முத்திரையில் கிரே தெரு என்றிருந்தால், அது இன்றைய டாக்டர் யூசுப் டாடூ தெரு. விக்டோரியா தெரு என்றால் இன்றைய பெர்த்தா மிக்கீசே தெரு. சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றாமல் இரு பக்கமும் படமெடுத்து, பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குழுவில் நான்கு கோவிந்தர்களும் மூன்று நாயுடுக்களும் இருப்பது சாதாரணம், ஒரே ஆளின் பெயரை ஆங்கிலப் பத்திரிகை மூன்று விதமாக அச்சிட்டிருப்பதும் சாதாரணம். ஆகவே முதலெழுத்து, பட்டப்பெயர், வேலை செய்த இடம் மூன்றையும் ஒவ்வொருவருக்கும் குறித்து வையுங்கள்.

பெரியவர்களிடம் போகும்போது கேள்விப் பட்டியலோடு போகாமல் அந்தப் படத்தோடு போங்கள். "தாத்தா, எந்த ஆண்டு தொடங்கியது?" என்று கேட்டால் தோராயமான பதில்தான் வரும். "நீங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வருவதற்கு முன்னா, பின்னா? கல்யாணத்துக்கு முன்னா?" என்று கேட்டால் ஆண்டு தானாக வந்து விழும். வீட்டுப் பாட்டிகளையும் கேளுங்கள். ஜெர்சியைத் துவைத்தவர்களுக்கு அதன் நிறமும், இறுதியாட்டத்தன்று யார் வீட்டில் பிரியாணி என்பதும் மறப்பதில்லை. பெருமைப் பேச்சைச் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். குழுவைக் காந்தியே தொடங்கிவைத்தார் என்று சொல்பவர்களைச் சந்திக்காமல் நீங்கள் தப்ப முடியாது. காந்தி 1914 ஜூலையில் இந்நாட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டார். 1920களில் பிறந்த குழுவுக்கு அவர் தொடக்கவுரை ஆற்றியிருக்க வழியில்லை. அதைப் பெரியவரிடம் வாதாடி நிரூபிக்க வேண்டாம், எழுதாமல் விட்டால் போதும்.

கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் தங்கள் வெள்ளிவிழா, பொன்விழாக்களுக்கு வெளியிட்ட நினைவு மலர்களையும் புரட்டுங்கள். அவற்றில் வந்த விளம்பரங்களில் பல, கால்பந்துக் குழுக்களும் அவற்றின் புரவலர்களும் கொடுத்தவையே.

குழுவின் முடிவை எழுதும் அத்தியாயம்தான் கடினம், அதை ஒரே வரியில் கடந்துவிடுவதுதான் பலரும் செய்வது. கடைசி ஆட்டம் எது, கடைசி நிர்வாகக் கூட்டம் எது, வங்கிக் கணக்கு எப்போது மூடப்பட்டது என்ற மூன்றும் வெவ்வேறு நாள்களாக இருக்கலாம்; எதை முடிவாகக் கொள்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லா மரணத்துக்கும் இடப்பெயர்ச்சியையே காரணமாக்கவும் கூடாது. 1928இல் பிறந்த மேனிங் ரேஞ்சர்ஸ் இடப்பெயர்ச்சியைத் தாங்கிச் சாட்ஸ்வொர்த்தில் தழைத்தது. கோர்டன் இகெசுண்டின் பயிற்சியில் 1996–97இல் பிரீமியர் லீக்கின் முதல் பட்டத்தையே வென்றது. 1998இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. பத்தாண்டுகூட ஆகவில்லை, பணமுடையில் அதன் உரிமம் கைமாறிக் கேப் டவுனுக்குப் போய்விட்டது. திடல் இருந்தும் குழு இல்லை என்ற நிலை அது.

எழுதி முடித்ததும் இரவல் வாங்கிய படங்களையும் கோப்பைகளையும் உரியவர்களிடம் உடனே திருப்பிக் கொடுங்கள். வருடிய பிரதிகளையும் ஒலிப்பதிவுகளையும், பேசியவர்களின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு, காந்தி–லுத்துலி மையத்திலோ டர்பனின் 1860 பாரம்பரிய மையத்திலோ ஒப்படைத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.